பூச்சி போன பிறகும் அடங்காத வயிறு

மும்பை செம்பூர் திலக் நகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. அடையாளம் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

வயது 36. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் சில நாள் கலங்கலாக வந்தது. அதையடுத்து வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. கணவரும் மகனும் ஒரு வாரத்தில் தேறிவிட்டார்கள். இவருக்கு மட்டும் மூன்று வாரம் இழுத்தது: அழுகின முட்டை வாடையில் ஏப்பம், நுரைத்து மிதக்கும் மலம், நாலு கிலோ எடை குறைவு. மலப் பரிசோதனையில் 'ஜியார்டியா சிஸ்ட்' (குடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியின் கூடு) என்று வந்தது. மாத்திரை சாப்பிட்டதும் போக்கு நின்றது, எடையும் திரும்பியது.

வயிறு மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. காலையில் கிளம்புவதற்குள் மூன்று, நாலு தடவை போக வேண்டியிருக்கிறது. போனால் வலி குறைகிறது, ஆனால் முழுசாகப் போன திருப்தி இல்லை. கூடவே சீதம். சாயங்காலமானால் வயிறு பொருமி சுடிதார் நாடா இறுக்குகிறது. ராத்திரி தொந்தரவு இல்லாமல் தூங்கிவிடுகிறார். ஹார்பர் லைன் ரயிலில் கழிப்பறை கிடையாது. ஒருநாள் வடாலாவில் பாதியில் இறங்கி ஓடியதிலிருந்து, ஆபீஸ் போய்ச் சேரும்வரை ஒரு டீயைத் தவிர எதுவும் வாயில் வைப்பதில்லை.

இதற்கிடையே இரண்டாவது லேப் 'என்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட்' என்றது, மூன்றாவது லேப் ஒன்றுமில்லை என்றது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை பலமுறை, மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் சில முறை, இரண்டு மாதத்துக்கு ஒருதரம் பூச்சி மாத்திரை, மாமியார் தரும் வேப்பங்கொழுந்து உருண்டை, கடைசியாக ஒரு வீடியோவைப் பார்த்து வரவழைத்த 'குடல் சுத்தப் பொடி'. அந்தப் பொடியைச் சாப்பிட்டதும் வெள்ளை நூல் நூலாக வெளியே வந்ததாம். போட்டோவும் அனுப்பியிருக்கிறார். பார்த்த டாக்டர் ஒருவர் "இது ஐபிஎஸ், டென்ஷனைக் குறையுங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். (ஐபிஎஸ் என்றால் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எளிதில் எரிச்சலடையும் குடல்.)

"எனக்கு மனநோய் என்கிறாரா? பூச்சி எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை அடியோடு ஒழிக்க எந்த டெஸ்ட், எந்த மருந்து? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கும் ஆசை" என்று முடித்திருக்கிறார். கடைசிப் பக்கத்து ஓரத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "இப்போதெல்லாம் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, அது இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன்."

அன்புள்ள சகோதரி,

அந்த ஓர வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரம். மெட்ரோனிடசோலும் அதன் இனத்து மருந்துகளும் நீண்ட நாளோ திரும்பத் திரும்பவோ எடுக்கும்போது சிலருக்குக் கால் நரம்புகளைப் பாதிக்கும். மரத்துப்போதல், ஊசி குத்தல், எறும்பு ஊர்தல் என்றுதான் அது ஆரம்பிக்கும். ஆஃப்லாக்சசின் வகை மருந்துகளுக்கும் இந்தப் பழி உண்டு. வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை நோய் இரண்டும் இதே மாதிரி காட்டும் என்பதால் அவற்றையும் ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காலைக் காட்டுங்கள், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் கணக்கையும் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை அந்த மாத்திரைகள் எதையும் தொடாதீர்கள்.

இப்போது வயிற்றுக்கு வருவோம். உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. இதை ஆரம்பித்துவைத்தது அந்த ஜியார்டியாதான் என்று உங்கள் கடிதத்தைப் படித்த எந்த குடல் மருத்துவரும் சொல்வார். அது இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்ற மறுபாதியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

2004இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் குடிநீர் ஏரியில் சாக்கடை கலந்து ஊரே ஜியார்டியாவில் விழுந்தது. பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் 1,200 பேருக்கு மேல். அங்குள்ள மருத்துவர்கள் அவர்களைப் பல வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டபோது, ஜியார்டியா வந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் இருந்தது; அதே ஊரில் ஜியார்டியா வராதவர்களில் 14 சதவீதம். பத்து வருடம் கழித்தும் 43க்கு 14. பெரும்பாலோருக்குக் கிருமி எப்போதோ மருந்தில் போய்விட்டது, வயிறுதான் அடங்கவில்லை. எந்தக் குடல் தொற்றுக்குப் பிறகும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகலாம். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிக்குப் பிறகு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல் என்பதைத்தான் பெர்கன் காட்டியது. தொற்றுக்குப் பின் வரும் ஐபிஎஸ் என்று இதற்குத் தனி வகையே உண்டு. பெண்களுக்கும், தொற்று நீண்டு கடுமையாக இருந்தவர்களுக்கும் இது அதிகம். உங்கள் வீட்டில் மூவரும் ஒரே தண்ணீரைக் குடித்தும் உங்களுக்கு மட்டும் நீடித்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

கிருமி போனபின் ஏன் வலிக்கிறது? குடல் சுவரில் நரம்புகள் அடர்ந்து கிடக்கின்றன. உடம்பிலுள்ள செரடோனினில் பெரும்பகுதி மூளையில் அல்ல, குடலில்தான் உண்டாகிறது. தொற்றின்போது அந்தச் சுவரில் அழற்சி வந்து, நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடி, நரம்பு முனைகள் கூர்மையாகிவிடுகின்றன. சிலருக்கு அந்தக் கூர்மை பிறகும் குறைவதில்லை. குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளின் கலவையும் மாறிவிடுகிறது. பிறகு சாதாரணக் காற்றும் சாதாரண உணவும்கூட வலியாகத் தெரிகிறது. திருடன் ஓடின பிறகும் ராத்திரி முழுக்கக் குரைக்கிற நாயைப் போலத்தான். நீங்கள் இரண்டு வருடமாகத் திருடனைத் தேடி வீட்டைக் கிளறுகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் நாய் இன்னும் மிரள்கிறது. அந்த ஆன்டிபயாடிக்குகளே குடல் கிருமிகளைக் கலைத்து இதை நீட்டிக்கொண்டிருக்கலாம்.

மனநோயா என்று கேட்டீர்கள். இல்லை. குடல் நரம்பும் மூளையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன என்பதால் பதற்றம் வயிற்றைக் கலக்கும், கலங்கிய வயிறு பதற்றத்தைக் கூட்டும். வடாலா ஸ்டேஷன் நடைமேடையில் உங்களுக்கு நடந்தது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். "டென்ஷனைக் குறையுங்க" என்று சொன்ன டாக்டரின் நோய்க்கணிப்பு சரியாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் உட்கார வைத்து விளக்கியிருந்தால் அந்தப் பொடியை நீங்கள் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

ரிப்போர்ட்டில் வந்த அமீபா

இந்தியாவில் மலப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் 'அமீபியாசிஸ்' என்று மருந்து சாப்பிடுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சீதபேதியையும் ஈரல் கட்டியையும் உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிடிகாவுக்கு, டிஸ்பார் என்றொரு சாது உடன்பிறப்பு உண்டு. அது ஒன்றும் செய்யாமல் குடலில் இருந்துவிட்டுப் போகும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் இரண்டின் சிஸ்டும் ஒரே மாதிரி, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உலகில் அதிகம் பரவியிருப்பதும் இந்தச் சாதுதான். போதாக்குறைக்கு, அவசரத்தில் பார்க்கிற லேபில் வெள்ளை அணுக்களையே அமீபா என்று எழுதிவிடுவதும் உண்டு. உங்களுக்கு ரத்தம் போகவில்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே அந்த ஒரு வரியை நம்பித் திரும்ப மருந்து எடுக்க வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் ஆன்டிஜென் அல்லது பிசிஆர் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

பூச்சி மாத்திரை விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு மாதிரியான புழுக்களுக்கானது. ஜியார்டியாவும் அமீபாவும் புழுக்களே அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள். அந்த மாத்திரையை மாதாமாதம் போட்டாலும் அவற்றுக்கு உறைக்காது. நாக்குப்பூச்சி இருந்தால் ஏதாவதொரு நாள் முழுசாக வெளியே வந்து பயமுறுத்தும், கொக்கிப்புழு இருந்தால் ரத்தசோகை காட்டிக்கொடுக்கும். உங்கள் ஹீமோகுளோபின் 12.4 என்று எழுதியிருக்கிறீர்கள். புழு இருப்பதாக நினைக்க எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளை நூல்கள்

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே தடிமன் இல்லை, முனை இல்லை, வளையம் இல்லை. ஓரிடத்தில் பிசுபிசுப்பாகப் பிரிந்து நிற்கிறது. புழு அப்படி இருக்காது. பொடியின் லேபிளையும் நீங்களே அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. முதல் பொருள் இசப்கோல் உமி, இரண்டாவது நிலாவாரை. உமி தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகும், நிலாவாரை பேதியாக்கித் தள்ளும். குடல் வழியில் சுரக்கும் சீதத்தோடு சேர்ந்து கயிறு திரித்த மாதிரி வெளியே வருவது அந்த உமிதான். பொடியே நூலை உண்டாக்குகிறது, பிறகு அந்த நூலையே பூச்சி என்று காட்டி அடுத்த டப்பாவை விற்கிறார்கள். வியாபார சாமர்த்தியம் என்று பார்த்தால் பாராட்டத்தான் வேண்டும். நிலாவாரையை மாதக்கணக்கில் எடுப்பது உங்கள் மாதிரி அடிக்கடி போகிற வயிற்றுக்கு எரிகிற தீயில் எண்ணெய். நிறுத்திவிடுங்கள். மாமியாரின் வேப்பங்கொழுந்து ஆசைக்கு எப்போதாவது என்றால் சண்டை வேண்டாம். ஆனால் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது அதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு தடவை, ஒழுங்காக

'தேடாதே' என்று வெறும் வாயால் சொன்னால் உங்கள் மனசு கேட்காது, தெரியும். அதனால் ஒரே ஒரு தடவை முறையாகத் தேடி முடித்துவிடுவோம். ஜியார்டியா தினமும் மலத்தில் வராது, விட்டுவிட்டுத்தான் வரும். ஒரே சாம்பிளில் இல்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாது. வெவ்வேறு நாளில் மூன்று சாம்பிள், கூடவே ஜியார்டியா ஆன்டிஜென் அல்லது பிசிஆர். ஒரே நல்ல லேபில், ஆன்டிபயாடிக் எடுத்துச் சில வாரம் கழிந்த பிறகு கொடுங்கள். உண்மையிலேயே ஜியார்டியா இருந்தால் டாக்டர் தேர்ந்த மருந்தைக் கொடுப்பார், மெட்ரோனிடசோலுக்கு மசியாத ஜியார்டியாவுக்கும் வேறு மருந்துகள் உண்டு. கால் நரம்பு விஷயத்தை மட்டும் அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் 'பிளாஸ்டோசிஸ்டிஸ்' என்று இன்னொரு ஒற்றைச் செல் உயிரின் பெயர் வரலாம். பயப்பட வேண்டாம். ஆரோக்கியமாக இருக்கும் ஏராளமானவர்களின் குடலிலும் அது இருக்கிறது. ஐபிஎஸ்ஸுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகளும் இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. அதைக் கொல்வதால் வயிறு சரியாகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ரத்தத்தில் முழு அணுக்கணக்கு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, தைராய்டு, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய்க்கான டிடிஜி, மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் ஆகியவற்றையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். இவை சரியாக இருந்தால் குடலில் புண், அழற்சி நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அணுக்கணக்கில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு தூக்கலாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் 'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்' என்ற புழுவைப் பற்றிக் கேளுங்கள். அது நிஜமாகவே வருடக்கணக்கில் உள்ளேயே இனம் பெருக்கி ஒளிந்திருக்கக்கூடியது. அது இருப்பது தெரியாமல் ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி இப்போதைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இவற்றில் ஒன்று வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியோ வயிற்றுப்போக்கோ, ரத்தசோகை. நம் நாட்டில் குடல் காசநோய் இருக்கிறது, அதற்கு ஐபிஎஸ் என்று பெயர் வைத்து விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு இன்றுவரை இவை எதுவும் இல்லை. போனால் குறைகிற வலி, மாறிய எண்ணிக்கை, இரண்டு வருட நீடிப்பு, ராத்திரி நிம்மதியான தூக்கம் என்று எல்லாம் ஐபிஎஸ் பக்கமே பேசுகின்றன.

வயிற்றை ஆற்றுவது

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், இதில்தான் பலனும் இருக்கிறது.

ஜியார்டியாவுக்குப் பிறகு பலருக்குப் பால் சேராமல் போகிறது, அது சில வாரமோ சில மாதமோ நீடிக்கும். காலையில் வெறும் வயிற்றில் நீங்கள் குடிப்பது பால் டீ. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். நன்றாகப் புளித்த தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். காலைப் பட்டினியும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. காலியான வயிற்றில் சூடான டீ விழுந்ததும் பெருங்குடல் சுருங்கித் தள்ளும், அதுவும் ரயில் ஏறுகிற நேரத்தில். அரைமணி முன்னதாக எழுந்து இரண்டு இட்லி சாப்பிட்டு, வீட்டிலேயே நிதானமாகப் போய்விட்டுக் கிளம்புங்கள். முதல் வாரம் பயமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

அடுத்து, காற்றைக் கிளப்பும் உணவு. குடலில் புளித்துக் காற்றாகும் சில சர்க்கரை வகைகளுக்கு ஃபாட்மேப் என்று பெயர்; அவற்றைக் குறைக்க ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் வகுத்த உணவு முறை பலருக்குக் கைகொடுக்கிறது. நம் சமையலில் முக்கியக் குற்றவாளிகள் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகை. சாம்பாரில் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடுகிற ஊர்க்காரர்கள் நாம், கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கும். நாலிலிருந்து ஆறு வாரம் மட்டும் குறைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எது உதைக்கிறது என்று தெரிந்துவிடும், அதை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். ஆயுசுக்கும் இப்படிச் சாப்பிடக் கூடாது, உடம்புக்குச் சத்து போதாமல் போகும். முடிந்தால் ஒரு உணவியல் நிபுணரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இசப்கோலை நிலாவாரை இல்லாமல், தனியாக, அரை ஸ்பூனில் தொடங்கி நிறையத் தண்ணீரோடு எடுக்கலாம். மலத்தைக் கட்டுப்படுத்தும். நூலாக வந்தால் இப்போது காரணம் தெரியும். வலிக்கு மெபெவெரின் மாதிரிக் குடல் தளர்த்திகள், தவிர்க்க முடியாத பயண நாளில் போக்கை நிறுத்தும் லோபெரமைடு என்று டாக்டரிடம் பல வழிகள் இருக்கின்றன. இவற்றில் அடங்காவிட்டால் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தருவார்கள். அது மனச்சோர்வு மருந்துதானே என்று முகம் சுளிக்காதீர்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில், குடல் நரம்பின் கூர்மையை மழுக்கத் தருவது இது. 2023இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில், குடும்ப மருத்துவர்கள் கொடுத்த 10 முதல் 30 மில்லிகிராமே ஐபிஎஸ்ஸுக்குப் பலன் தந்தது. மனநல ஆலோசகரிடம் பெறும் பயிற்சியும் இந்த வரிசையில்தான் வருகிறது.

வேலையை இப்போது விடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்தால் நாள் முழுக்க வயிற்றையே கவனித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று மாதத்துக்கு அரைமணி தாமதமாக வர அனுமதி கேளுங்கள். 'நாள்பட்ட குடல் கோளாறுக்குச் சிகிச்சையில் இருக்கிறார்' என்று உங்கள் டாக்டர் ஒரு சான்று எழுதித் தரலாம், அதற்குமேல் விவரம் ஆபீசுக்குத் தெரிய வேண்டியதில்லை. கூட்டம் குறைந்த ரயிலில் வருவதே பாதி மருந்து.

குழந்தை ஆசையை டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அமிட்ரிப்டிலின் உட்பட எந்த மருந்தும் அதைக் கணக்கில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும்போது அல்பெண்டசோலைத் தொடவே கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் அது ஆகாது. ஐபிஎஸ் இருப்பதால் கர்ப்பம் தரிப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மாநகராட்சி சுத்திகரித்துத்தான் அனுப்புகிறது. ஆனால் மும்பையில் பல இடங்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. வராத நேரத்தில் வெறுமையான குழாய், விரிசல் இருந்தால் சுற்றியுள்ள சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜியார்டியா சிஸ்ட் வழக்கமான குளோரினுக்கு எளிதில் சாகாது, கொதித்தால் செத்துவிடும். மழைக்காலத்தில் குமிழி வரக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கட்டிடத்தின் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று சொசைட்டிக் கூட்டத்தில் கேளுங்கள்.

கணவருக்கும் மகனுக்கும் மருந்து தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொந்தரவே இல்லாதவர்களுக்கு மெட்ரோனிடசோல் எதற்கு? வேண்டாம். மகனுக்குப் பூச்சி மாத்திரையைத் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று, பிப்ரவரி 10ஆம் தேதியை ஒட்டியும் ஆகஸ்டிலும், பள்ளியிலேயே கொடுத்திருக்கலாம். டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்திருந்தால் வீட்டில் இன்னொன்று தேவையில்லை.